தெருவோரத் தூங்குமூஞ்சி கடைசலுக்கு வந்த வகை: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே பேசப்போவது சாலையோரத்தில் நின்ற ஒரு தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி. அடிமரத்தின் ஒரு பக்கத்தில் தட்டுக்காளான் அடுக்கடுக்காக வந்திருந்தது. எதிர்ப்பக்கம் வேர் பிடித்திருந்த மண் லேசாக எழும்பியிருந்தது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் உள்ளே அழுகல் வேர்வரை இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். அடுத்த பெருங்காற்றில் அது தானாகவே சாயக்கூடும். அதனால் வெட்ட முடிவானது. வெட்டியதில் கடைசலுக்கு ஆகும் கட்டைகளை எடுப்பது, பச்சையாகவே கிண்ணமாகக் குடைவது, காயவைத்து முடிப்பது வரை நான் கூடவே இருந்தேன்.

ஒரு மரத்தில் எத்தனை கிண்ணம் தேறும் என்பதை, கட்டையைச் சுழற்றிக் கடையும் லேத்தில் ஏற்றியபின் பேசிப் பயனில்லை. மரம் தரையில் கிடக்கும் அந்த அரைநாளில் ரம்பம் எங்கே இறங்குகிறதோ அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. வெட்டும் ஆட்களுக்குச் சாலையைச் சீக்கிரம் திறக்க வேண்டும். ஒரு ஆள் தூக்கும் அளவுக்குத் துண்டு போட்டு வண்டியில் ஏற்றினால் அவர்கள் வேலை முடிந்தது. அந்த அளவுக்குப் போட்ட துண்டில் கிண்ணம் வராது.

வெட்டுவதற்கு முன்பே

முதலில் மரம் யாருடையது என்று கேட்டாக வேண்டும். பொது இடத்து மரம் தரையில் விழுந்த உடனே எவரும் எடுத்துக்கொள்ளும் பொருளாகிவிடாது. சில இடங்களில் அது உள்ளாட்சியின் சொத்து. சில இடங்களில் வெட்டுக்கூலியோடு சேர்த்து ஒப்பந்தம் எடுத்தவருக்கே போகும். இந்த மரத்துக்கு இரண்டு தரப்பிடமும் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கியாயிற்று. மரம் விழுந்தபின் கேட்டால் பதில் வருவதற்குள் விறகாகியிருக்கும்.

அப்புறம் சாக்பீஸ். மரம் நிற்கும்போதே சுற்றிவந்து, எங்கே வெட்டலாம், எங்கே தொடக்கூடாது என்று கண்ணால் ஒரு கணக்குப் போட்டு வைத்தோம். சாய்த்ததும் அதைக் கோடாகப் பட்டையில் போட்டோம். ஒரு துண்டின் நீளம் அதன் விட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். 40 செ.மீ. விட்டம் என்றால் 46, 48 செ.மீ. நீளம் போதும். அந்தக் கூடுதல், காயும்போது முனையில் விழும் வெடிப்புக்குக் கொடுக்கும் காவு. வசதி இருந்தால் இன்னும் நல்லது: இரண்டு மூன்று கிண்ணத்துக்கு ஆகும் நீளத்தை ஒரே கட்டையாக விட்டுவைக்கலாம். முனைகள் குறைந்தால் வீணாவதும் குறையும். ஆனால் எடை இடம் கொடுக்காது. பச்சைத் தூங்குமூஞ்சி ஒரு கன மீட்டர் ஏறத்தாழ ஒரு டன்னை நெருங்கும். 50 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள துண்டே நூறு கிலோவைத் தாண்டிவிடும். அதனால் பெரிய துண்டுகளை அங்கேயே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துதான் ஏற்ற முடிந்தது.

கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ரம்பம் பிடித்தவர் கவட்டையைக் காட்டிச் சொன்னார்: “அண்ணே, இதை எவன் பிளப்பான்? விறகுக்கே ஆகாது. இதுதான் வேணுமா உங்களுக்கு?” அதுதான் வேண்டும். இரண்டு கிளை சேரும் இடத்தில் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதனால்தான் கோடரிக்கு அது மசியாது. அதே பின்னல், சரியான தளத்தில் அறுத்தால் இறகு விரித்தாற்போல ஒரு ரேகையாகத் தெரியும். எல்லாக் கவட்டையிலும் அது கிடைக்காது. பட்டை மேல்நோக்கிப் பிதுங்கி ஒரு வரப்பாக நின்றால் உள்ளே கட்டை ஒட்டி வளர்ந்திருக்கிறது. பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால் இரண்டு கிளைக்கும் நடுவில் பட்டைதான் இருக்கும். லேத்தில் சுழலும்போது அங்கேதான் விட்டுப்போகும். இந்த மரத்தில் இரண்டு விதமும் இருந்தன. கீழ்க்கவட்டையை எடுத்தோம். மேலே இருந்த குறுகலான கவட்டையை விறகோடு விட்டுவிட்டோம்.

அடிமரத்தின் இரும்பு

தெருமரத்தில் இரும்பு இல்லாமல் இருக்காது. விளம்பரத் தட்டி, கம்பி, கொடி, பழைய பாதுகாப்புக் கூண்டு என்று ஆளுக்கொரு ஆணி அடித்திருப்பார்கள். ஒரு வசதி உண்டு: மரம் வளர்ந்தாலும் ஆணி மேலே ஏறாது. மரம் நுனியில்தான் உயர்கிறது. அடிமரம் பருக்க மட்டுமே செய்கிறது. ஆள் உயரத்தில் அடித்த ஆணி ஐம்பது வருடம் கழித்தும் ஆள் உயரத்திலேயே, சில அங்குலம் உள்ளே போய் மூடிக்கொண்டு கிடக்கும். ஏணி வைத்து அடித்தவை தனி. மற்றபடி தரையிலிருந்து இரண்டு மீட்டர் வரைதான் ஆபத்து அதிகம்.

கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி சில செ.மீ. ஆழம்வரைதான் சொல்லும். அதைவிட நம்பகமானது வெட்டுமுகம். இந்த மரத்தின் முதல் குறுக்குவெட்டில், வைரத்தின் (நடுவிலுள்ள கருத்த கட்டையின்) ஓரமாக, மை சிந்தியதைப் போலக் கருநீலத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. இரும்பு ஈரத்தில் கரைந்து மரத்திலுள்ள டானின் வகைச் சேர்மங்களோடு சேரும்போது வரும் கறை அது. கறை நாரின் போக்கிலேயே மேலும் கீழும் ஓடும். இரும்பு இருக்கும் இடத்தில் அகன்றும் தள்ளிப்போகப்போக மெலிந்தும் இருக்கும். எனவே ஒரு வெட்டுமுகத்தில் புள்ளி தெரிந்தால் அதே நார் வரிசையில் எங்கேயோ ஆணி இருக்கிறது. அந்தத் துண்டைக் கவிழ்த்து மறுமுகம் பார்த்தோம். அங்கே கறை நாலு மடங்கு அகலமாக இருந்தது. உளியால் சீவிக்கொண்டே போனதில் வளைந்த கம்பிக் கொக்கி ஒன்று வந்தது. சுற்றியிருந்த கட்டை கரித்துண்டு நிறத்தில் இருந்தாலும் உறுதி குறையவில்லை. கொக்கியை எடுத்துவிட்டு அந்தக் கறையோடேயே ஒரு சின்னக் கிண்ணம் செய்யலாம் என்று தனியாக வைத்துக்கொண்டேன். ரம்பம் பிடித்தவருக்கு அந்த யோசனை ரசிக்கவில்லை. ரம்பத்தின் சங்கிலி மழுங்கும் கவலை அவருக்கு.

அடி இரண்டு மீட்டர் அழுகல் பாதி, இரும்பு பாதி. கொக்கி இருந்த துண்டு போக, மற்றதில் கை வைக்காமல் விட்டது இழப்பே இல்லை.

பட்டையில் ஏறியிருக்கும் மண்ணும் இரும்புக்கு அடுத்தபடியான தொல்லை. வண்டிப் புழுதி வருடக்கணக்கில் வெடிப்புகளில் படிந்து, ஈரத்தில் இறுகியிருக்கும். அதன் வழியாக ரம்பம் ஓட்டினால் சங்கிலி சீக்கிரம் மழுங்கிவிடும். கம்பித் தூரிகையால் வெட்டுக்கோட்டை மட்டும் தேய்த்துவிட்டால் போதும்.

நடுக்குருத்து, கிளை, கோணல்

மரத்தின் நடுவில் ஓடும் குருத்தைக் கிண்ணத்துக்குள் விடக்கூடாது என்பது கடைசல்காரர்களுக்குப் பாடம். காரணம் சுருக்கம். மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் கொஞ்சம். வளையத்தின் போக்கில் அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு. சுற்றளவு சுருங்கும் வேகத்துக்கு ஆரம் ஈடுகொடுக்காதபோது முழு உருளை எங்கேயாவது வெடித்துத்தான் ஆகும். குருத்து வழியாக இரண்டாகப் பிளந்து, அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஓரிரு செ.மீ. சீவி எறிந்துவிட்டால் அரைவட்டக் கட்டைக்கு வளைந்து கொடுக்க இடம் கிடைக்கிறது.

தூங்குமூஞ்சிக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை அதன் ஆரச் சுருக்கம் சுமார் 2 சதவீதம், வளையச் சுருக்கம் சுமார் 3.4 சதவீதம். தேக்குக்கு இது 2.5, 5.8. அமெரிக்க பீச் மரத்துக்கு 5.5, 11.9. வீட்டுக்குள் வைக்கும் பொருள் முழுக்க உலர்வதில்லை. சுமார் 12 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். அதற்குள் மொத்தச் சுருக்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆகியிருக்கும். 30 செ.மீ. கிண்ணத்துக்குக் கணக்குப் போட்டால், தூங்குமூஞ்சி நாருக்குக் குறுக்கே அதிகபட்சம் 6 மி.மீ. குறுகும். பீச் 21 மி.மீ. வரை குறுகும். வட்டமாகக் குடைந்த பீச் கிண்ணம் முட்டை வடிவமாகிவிடும். தூங்குமூஞ்சியில் கோணல் கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இந்த மரம் கைக்கு அகப்பட்டால் எதையாவது விட்டுவிட்டுப் போய் எடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். தெருமரங்களில் இவ்வளவு அடக்கமாகக் காய்பவை குறைவு.

ஆனால் இதே மரம் கிளையில் ஏமாற்றும். குடை விரித்தாற்போலப் படரும் மரம் அது. கிளைகள் தரைக்குச் சமமாகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஓடும். பருமனும் நன்றாக இருக்கும். பார்த்தவுடன் அள்ளிக்கொள்ளத் தோன்றும். அத்தனை பாரத்தையும் தாங்கிப் பிடிக்க, கிளையின் மேல்பக்கத்தில் மரம் ஒரு தனி வகைக் கட்டையை வளர்க்கிறது. அகன்ற இலை மரங்களுக்கெல்லாம் இது பொது; இழுவிசைக் கட்டை என்பார்கள். குறுக்கே வெட்டினால் குருத்து நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும், அதுதான் அடையாளம். சாதாரணக் கட்டை நீளவாக்கில் 0.1, 0.2 சதவீதம் சுருங்கினால் இது ஒரு சதவீதம்வரைகூடப் போகும். கிண்ணத்தின் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் நிற்க, ஆட்டம் கண்டுவிடும். உளி ஓடும்போதும் சீவல் சுத்தமாக வராது. பஞ்சு பிய்த்தாற்போல நார் எழும்பும். எத்தனை தீட்டினாலும் அப்படித்தான்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கிளைக்கட்டையில் ஒன்றிரண்டு மட்டும் எடுத்து, நேர்த்தண்டுக் கட்டைகளோடு ஒரே அளவில் குடைந்து வைத்தேன். காய்ந்தபின் தண்டில் செய்தவை மேசையில் ஆடாமல் உட்கார்ந்தன. கிளையில் செய்தவை முறுக்கிக்கொண்டு ஆடின. ஒன்றின் உதடு வெடித்தும் போனது. கிளை வேண்டும் என்றால் செங்குத்தாக ஏறிய பகுதியைப் பார்த்து எடுக்கலாம். மற்றது அடுப்புக்கும் தழைக்கூளத்துக்கும் போகட்டும்.

முனைக்குப் பூச்சு

வெட்டிய அன்றே முனைகளை அடைத்தாயிற்று. நீர் ஏறிய குழல்கள் நீளவாக்கில் ஓடுவதால் பக்கவாட்டைவிட வெட்டுமுகம் வழியாக ஈரம் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும். முகம் சுருங்க, உள்ளே சுருங்காமல் இருக்க, மறுநாளே நட்சத்திரம் போல வெடிப்பு விழும். நீரில் கலந்த மெழுகுப் பூச்சு இதற்கென்றே கிடைக்கிறது. இல்லையென்றால் மீந்த சுவர்ப் பெயின்டோ மரப் பசையோ கெட்டியாக இரண்டு கை பூசலாம். பூசாமல் விட்ட முகம் என்ன ஆகும் என்று பார்க்கத் தனியாகச் சோதனை வைக்கத் தேவையில்லை. வண்டியில் ஏறிப்போன விறகுத் துண்டுகள் அதைக் காட்டிவிட்டன.

பூசிய கட்டைகளைப் பிளந்த முகம் கீழாக, நிழலில், தரை படாமல் அடுக்கி வைத்தோம்.

லேத்தில்

பச்சை மரம் உளிக்கு வெண்ணெய் மாதிரி. லேத்தின் சுழலும் தட்டு வட்டில் கட்டையைத் திருகி, குழி உளியின் சாய்முகம் கட்டையை உரசும்படி வைத்து மெல்லக் கைப்பிடியைத் தூக்கினால், விரல் அகலச் சீவல் ஈரத்தோடு சுருள் சுருளாகத் தோளுக்கு மேலே பறக்கும். சாறும் தெறிக்கும். எதிர்ச்சுவரில் லேத்தின் உயரத்துக்கு ஒரு ஈரக்கோடு விழுந்துவிடும். லேத்தின் இரும்புப் படுக்கையை வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மறுநாள் துருவும், முன்பு சொன்ன அதே கருநீலக் கறையும் இருக்கும்.

வேகத்துக்குக் கடைசல்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: அங்குலத்தில் விட்டத்தை நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும். 12 அங்குலக் கட்டைக்கு 500 முதல் 750 சுற்று. அது உருண்டபின். ரம்பம் விட்ட கோணல்மாணலான கட்டையை முதலில் அதற்கும் கீழேதான் ஓட்ட வேண்டும். லேத் நடுங்குவது நிற்கும்வரை கூட்டக்கூடாது. முகத்துக்கு முழுமறைப்பு கட்டாயம். பட்டை எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. மரம் துளிர்த்துக்கொண்டிருக்கும் பருவத்தில் வெட்டினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள அடுக்கு வழவழவென்று இருக்கும். பட்டை அப்படியே உரியும். இந்த மரம் அப்படிப்பட்ட சமயத்தில் வெட்டுப்பட்டதால், பட்டையோடு கூடிய ஓரம் வைத்த கிண்ணம் என்ற ஆசையை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன்.

முதல் குடைச்சலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் நிறுத்துவது வழக்கம்: 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. காய்ந்து கோணலானபின் மறுபடி வட்டமாக்க அந்தக் கனம் வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி தூங்குமூஞ்சிக்கு இவ்வளவு தேவையே இல்லை. பக்கத்துக்கு 3 மி.மீ. சீவினாலே வட்டம் வந்துவிடும். அதனால் பாதியை 2 செ.மீ. சுவரோடு நிறுத்தினேன். அவை சீக்கிரம் காய்ந்தன, வெடிப்பும் இல்லை. சுவரின் கனம் எங்கும் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். அடியில் தடிப்பும் விளிம்பில் மெலிவுமாக விட்டால் மெல்லிய இடம் முந்திச் சுருங்கி, தடித்த இடத்தோடு மல்லுக்கட்டும்.

காயவைத்தல்

ஒவ்வொரு கிண்ணத்தையும் அதன் சொந்தச் சீவலோடு காகிதப் பையில் போட்டு மூடி, அடியில் எடையையும் தேதியையும் பென்சிலால் எழுதினேன். பைக்குள் ஈரக்காற்று தங்கி, வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. சீவல் நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை எடை. முதல் வாரங்களில் சரசரவென்று இறங்கும். ஏனென்றால் அப்போது போவது குழல்களுக்குள் சும்மா நிற்கும் நீர். அது போவதால் சுருக்கம் எதுவும் இல்லை. ஈரம் சுமார் 28–30 சதவீதத்துக்குக் கீழே வந்தபின்தான் செல் சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேற ஆரம்பிக்கும். கோணல், வெடிப்பு எல்லாம் அதற்கப்புறம்தான். எடை வேகமாக இறங்கியும் கிண்ணம் வட்டமாகவே இருக்கிறதே என்று அவசரப்பட்டு வெயிலில் வைப்பவர்கள் சரியாக அந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதிக்கு வேறு கவனிப்பு. தூங்குமூஞ்சியின் வைரம் பொன்பழுப்பிலிருந்து சாக்லேட் நிறம்வரை, கரும்வரிகளோடு இருக்கும். வெள்ளை வெளிறிய மஞ்சள். இரண்டும் சேர்ந்த கிண்ணம் அழகுதான். ஆனால் வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் துளைவண்டு அதன் துளைகளில் முட்டையிடும். பல மாதம் கழித்து, முடித்து மெழுகு பூசிய கிண்ணத்தின் கீழே மாவு போலத் தூள் கொட்டிக் கிடக்கும்போதுதான் விஷயம் தெரியும். வெள்ளை உள்ள கிண்ணங்களைக் குடைந்த உடனே, ஈரம் காயுமுன், போராக்ஸ் கரைசலில் முக்கி எடுத்தேன். பச்சையாக இருக்கும்போதுதான் கரைசல் உள்ளே பரவும். இவை காட்சிக்கும் உலர்பொருள் வைப்பதற்கும் மட்டும். சாப்பாட்டுக்கு வைரத்தில் மட்டுமே செய்தவை.

ஒரு கட்டையை வேண்டுமென்றே பூஞ்சைக்கு விட்டேன். முனை அடைத்து, ஈரமண்ணில் நிற்கவைத்து, மேலே மூடி. வெவ்வேறு பூஞ்சைகள் கட்டைக்குள் பரவி ஒன்றை ஒன்று சந்திக்கும் இடத்தில் எல்லை போட்டுக்கொள்ளும். அந்த எல்லை அறுத்துப் பார்க்கும்போது பேனாவால் இழுத்த கருங்கோடாகத் தெரியும். இந்தக் கட்டையில் வெள்ளைப் பகுதி முழுக்கக் கோடு வந்தது. வைரம் தொடப்படவே இல்லை. நேரம் தப்பினால் கட்டை நகத்தால் அழுத்தினாலே அமுங்கும். உளி அங்கே வெட்டாமல் பிடுங்கும். இதைக் கடையும்போது சாதாரணத் துணிமுகமூடி போதாது, நுண்தூள் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். தூங்குமூஞ்சித் தூள் தனியாகவே கண்ணையும் மூக்கையும் அரிக்கும். பூஞ்சையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

இறுதிக் கடைசலில் சொல்ல அதிகமில்லை. உப்புத்தாள் 80-இல் தொடங்கி 120, 180, 240, 320 என்று ஏறி, ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டு, மேலே தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் கூடையில் போடக்கூடாது. காற்றோடு சேர்ந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியலாம்.

தேறியது எவ்வளவு

மரத்தின் பெரும்பங்கு கடைசலுக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. அழுகிய அடிமரமும் படர்ந்த கிளைகளும் அப்படியே விறகுக்கும் தூளுக்கும் போயின. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கீழ்க்கவட்டைவரை நின்ற நேர்த்தண்டு மட்டும் கிண்ணங்களாயிற்று. அதில் வெடித்தது எதுவும் இல்லை. கம்பிக் கொக்கி இருந்த கட்டை கருநீலப் பட்டையோடு ஒரு சின்னக் கிண்ணமாகி, பார்ப்பவர்கள் முதலில் கையிலெடுப்பதும் அதைத்தான்.

கவட்டை இன்னும் முடியவில்லை. தண்டின் குருத்தும் இரண்டு கிளைகளின் குருத்தும் ஒரே தளத்தில் விழும்படி அறுத்ததில் இரண்டு பலகைக்கும் இறகு முழுதாக வந்திருக்கிறது. பின்னிய நார் சீராகக் காயாது என்பதால் கிண்ணமாகக் குடையாமல், முகம் முழுக்க மெழுகு பூசித் தடித்த பலகையாகவே வைத்திருக்கிறேன். இறகு அறுத்த தளத்தை ஒட்டித்தான் பளிச்சென்று இருக்கும், உள்ளே போகப்போக மங்கும். அதனால் ஆழமான கிண்ணமாக்க உத்தேசமில்லை. அந்த முகம் மேலே வரும்படி அகன்ற தட்டுகளாகக் கடைவதாக இருக்கிறேன். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்தடுத்த மாதங்களில் ஒரே எடை காட்டினால் லேத்தில் ஏற்றலாம்.